கார் இல்லாமல் மலேசியா

கேள்வி: விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள மாமியோடும் மலேசியா போகிறோம். கார் எடுக்காமல் சமாளிக்கலாமா?
– வாசகி, நல்லூர்

பதில்: தாராளமாக. விமான நிலையத்திலிருந்து ரயில் அரை மணித்தியாலத்தில் கோலாலம்பூரின் பிரதான ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் போய்விடும், பஸ் இன்னும் மலிவு. தங்குமிடத்தை அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். அதை ஒட்டிய இந்தியர் பகுதியான பிரிக்பீல்ட்ஸில் நம் சாப்பாடு நடக்கிற தூரத்தில் கிடைக்கும். பத்துமலைக்கும் அங்கிருந்தே ரயில், கோயிலடியில் இறக்கிவிடும். ஆனால் குகைக்கு 272 படிகள்! மாமியை ஏறச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். என் அம்மா கீழே நின்றே 140 அடி முருகனைக் கும்பிட்டு, மனம் நிறைந்து திரும்பினார். அப்புறம் பினாங்குத் தீவு: எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை ஈ.டி.எஸ். என்ற விரைவு ரயில், பிறகு பெரி (பயணிகள் படகு). பிள்ளைகளுக்குக் கடல் பயணம்தான் பிடிக்கும். ரயில் ஆசனங்களை இப்போதே பதிந்துவிடுங்கள்.