சிங் பேரரசு நிலத்தை அதிகமாக இழந்தது பிரிட்டனிடமா?

கேள்வி: சீனாவின் சிங் பேரரசு பிரிட்டனிடம் தோற்றதால்தான் அதன் எல்லை சுருங்கியதா?

இல்லை. அடித்தது பிரிட்டன்தான். ஆனால் நிலத்தை அள்ளிக்கொண்டு போனது ரஷ்யா.

முதல் அபினிப் போருக்குப் பிறகு, 1842-ல் பிரிட்டன் வாங்கிய ஆங்காங் தீவு சுமார் 80 சதுர கிலோமீட்டர். 1858-லும் 1860-லும் போட்ட இரண்டு உடன்படிக்கைகளில் ரஷ்யாவுக்குப் போனதோ ஏறக்குறைய 10 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்காக ரஷ்யா ஒரு போர்கூடச் செய்யவில்லை. இதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

1689-ல் நிலைமை வேறு. காங்ஷி பேரரசரின் படை பலமாக இருந்ததால், நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கையில் ரஷ்யர்கள் அமூர் ஆற்றங்கரையைவிட்டு விலகினார்கள். அதன் பிறகு சிங் ஆட்சியாளர்கள் செய்த ஒரு காரியம் பின்னால் வினையாக முடிந்தது. அமூர் ஓடும் மஞ்சூரியா, அதாவது சீனாவின் வடகிழக்குப் பகுதி, மஞ்சு இனத்தவரான தங்களின் பூர்வீக மண் என்பதால், பெரும்பான்மை இனமான ஹான் சீனர்கள் அங்கே குடியேறத் தடை போட்டார்கள். அமூருக்கு வடக்கே ஆள் நடமாட்டமே குறைவு, காவலும் குறைவு.

கிழக்கு சைபீரிய ஆளுநர் முராவியோவ் இதைக் கவனித்துவிட்டார். பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவுடன் மோதிய கிரிமியப் போரைச் சாக்காக வைத்து 1854 முதல் அமூரில் படகுகளை இறக்கினார், கரையில் கொசாக்குகளை (ரஷ்யாவின் எல்லைக் குதிரை வீரர்களை) குடியேற்றினார். அப்போது சிங் அரசுக்கு மூச்சுவிட நேரமில்லை. நான்கிங் நகரம் உள்நாட்டுத் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் கையில். இரண்டாம் அபினிப் போரும் நடந்துகொண்டிருந்தது; 1858 மே மாதம் பெய்ஜிங்குக்குக் கடல்வழியைக் காத்த டாகு கோட்டைகளும் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிடம் விழுந்தன. அதே மே 28 அன்று அமூர் கரை ஊரான ஐகுனில், ரஷ்யாவுடனான உடன்படிக்கையில் சிங் தளபதி இஷான் கையெழுத்துப் போட்டார்; அமூருக்கு வடக்கே இருந்ததெல்லாம் போனது. இதே இஷான்தான் 1841-ல் காண்டன் நகரைக் காப்பாற்ற ஆங்கிலேயருக்கு 60 லட்சம் வெள்ளி டாலர் கட்டியவர்.

பெய்ஜிங் இந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. ஆனால் 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் தலைநகருக்கே வந்து கோடைகால அரண்மனையைக் கொளுத்தின. பேரரசர் ஏற்கெனவே வடக்கே ரெஹே என்ற ஊருக்கு ஓடியிருந்தார். தம்பி இளவரசர் கோங்தான் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியிருந்தது. நடுவில் சமாதானம் பேச வந்தவர் ரஷ்யத் தூதர் இக்னாத்தியேவ், வயது 28. இரு தரப்புக்கும் நண்பனாகப் பேசினார். குளிர்காலம் நெருங்கியதால் அந்தப் படைகள் எப்படியும் திரும்பித்தான் போயிருக்கும்; அதைத் தன் சாதனையாகக் காட்டி விலை கேட்டார். நவம்பர் 14 அன்று உசூரி ஆற்றுக்குக் கிழக்கே கடல்வரை ரஷ்யாவுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. விளாடிவோஸ்டாக்கை ரஷ்யர்கள் அந்தக் கோடையிலேயே நிறுவிவிட்டார்கள், கையெழுத்து அப்புறம்தான்.

ஐகுன் உடன்படிக்கையில் ஒரு விதிவிலக்கு இருந்தது: ஆற்றின் வடகரைக் கிராமங்களில் ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் சிங் ஆட்சியின்கீழ் அங்கேயே இருக்கலாம். 1900 ஜூலையில் ரஷ்யர்கள் அவர்களையும் விரட்டினார்கள். பக்கத்தில் இருந்த பிளகோவெஷ்சென்ஸ்க் நகரச் சீனர்களை அமூர் கரைக்கு ஓட்டிச் சென்று, நீந்திப் போகச் சொல்லித் தண்ணீருக்குள் தள்ளினார்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன?

1895-ல் தைவான் ஜப்பானுக்குப் போனது பலருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் எல்லாமே கைவிட்டுப் போய்விடவும் இல்லை. மேற்கு எல்லையில், சின்ஜியாங் பகுதியில், 1871-ல் ரஷ்யா பிடித்துக்கொண்ட இலி பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1879-ல் தூதர் சோங்ஹௌ அதன் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டு வந்தார். அரசு கொதித்துப்போய் அவருக்கு மரண தண்டனை விதித்தது, பிறகு விடுவித்தது. அடுத்துப் போன செங் ஜிசே 1881-ல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். 90 லட்சம் ரூபிள் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய பேச்சுத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சின்ஜியாங்கைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து மீட்ட சிங் தளபதி சோ சோங்டாங்கின் படை அந்த எல்லையில் நின்றுகொண்டிருந்தது. 1858-ல் இஷானுக்குப் பின்னால் அப்படி ஒரு படை இல்லை.