பாட்டுக்கு விலை போட்டவர்

கேள்வி: சிகாகோவில் வாழ்ந்த தாமஸ் டார்சியைக் கறுப்பின மக்களின் 'காஸ்பல்' என்ற கிறிஸ்தவ பக்தி இசைக்குத் தந்தை என்கிறார்கள். மதுக்கூடங்களில் பியானோ வாசித்தவர், பிறகு கர்த்தரின் பாடலை அச்சடித்துக் காசுக்கு விற்றவர். இவரைப் பக்திமான் என்பது சரியா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பக்தியை அளக்கும் படி என்னிடம் இல்லை. ஆனால் 'காசு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

இந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி, அன்பளிப்புப் பிரதி கேட்டு வருபவை. சந்தா கட்டச் சொன்னதற்கு ஒரு கவிஞர், "கலையை வணிகமாக்காதீர்கள்" என்று நான்கு பக்கம் எழுதினார். உறையில் தபால்தலை ஒட்டவில்லை. அபராதத்தை நான்தான் கட்டினேன். அந்த நான்கு பக்கத்தையும் அச்சகக்காரரிடம் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "சரி, போன மாத பாக்கி?" என்றார். கவிஞரும் நானும் இப்போது பேசிக்கொள்வதில்லை.

டார்சிக்கு வருவோம். 1899-இல் ஜார்ஜியா மாநிலத்து வில்லா ரிக்காவில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில், மதுக்கூடங்களில் ஒலித்த கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசைப் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தார். 1928-இல் கிட்டார் கலைஞர் டாம்பா ரெட்டோடு சேர்ந்து பதிவு செய்த இரட்டை அர்த்தப் பாட்டு ஒன்று இசைத்தட்டில் பறந்தது. அதில் வந்த காசைப் பற்றி யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. பக்திப் பாட்டுக்கு விலை போட்டால்தான் நமக்கெல்லாம் மனம் புண்படுகிறது.

பக்திப் பாட்டு அவருக்கு எளிதில் விற்கவும் இல்லை. ஐந்து டாலர் கடன் வாங்கி, தம் பாட்டுத் தாளில் 500 பிரதிகளை ஊர் ஊராகத் தேவாலயங்களுக்கு அனுப்பினார். முதல் ஆர்டர் வர மூன்று ஆண்டுகள் ஆயின என்று அவரே சொல்லியிருக்கிறார். புளூஸ் வாடை வீசுகிறது என்று போதகர்கள் கதவைச் சாத்தினார்கள். 1930-இல் சிகாகோவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாட்டில் அதே பாட்டை ஒரு பாடகி பாடியபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அதன் பிறகுதான் தாள்கள் விற்றன. வேறு எந்தப் பதிப்பாளரையும் நம்பியிராமல் சொந்தமாகவே பதிப்பகம் தொடங்கினார். உழைத்தவன் பெயரிலேயே உரிமை இருக்க வேண்டும் என்று நினைத்தது பாவமென்றால், எழுத்தாளர்களுக்குப் பணம் தராத என் சக பத்திரிகாதிபர்கள் எல்லோரும் மகான்கள்.

1932 ஆகஸ்டில் அவர் செயிண்ட் லூயிஸில் பாடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில், ஒரு பழைய கீர்த்தனை மெட்டைத் தழுவி அவர் எழுதியதுதான் 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்'. மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் பாடகி மஹாலியா ஜாக்சன் அதைப் பாடினார். ஒரு விண்ணப்பம்: இந்தப் பாட்டை டாமி டார்சி எழுதியதாக இனி யாரும் எனக்குக் கட்டுரை அனுப்ப வேண்டாம். அவர் ட்ரோம்போன் வாசித்த வெள்ளைக்கார இசைக்குழுத் தலைவர். நம் ஊரில் ஒரே தெருவில் ஆறு சுப்பிரமணியன்கள் இருந்தாலும் தபால்காரருக்குக் குழப்பம் வருவதில்லை. ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் வந்துவிடுகிறது.

காசு விஷயத்தில் டார்சி கெட்டிக்காரர் என்று நினைத்தால் அதுவும் தவறு. சாலி மார்ட்டின் என்ற பாடகி வந்து கணக்கைக் கையில் எடுக்கும்வரை வரவும் செலவும் போன போக்கில் போய்க்கொண்டிருந்தன. சாலிக்கு இசைக் குறியீடு படிக்கத் தெரியாது, குரலும் கரடுமுரடு என்று முதலில் சேர்த்துக்கொள்ளவே டார்சி தயங்கினார். அந்த அம்மாள் ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டி, பாடிய கையோடு தாளை விற்று, தொழிலை நிமிர்த்தினார். 1940 வாக்கில் இருவரும் பிரிந்தார்கள். சாலி, இசையமைப்பாளர் கென்னத் மாரிஸுடன் சேர்ந்து அதே சிகாகோவில் போட்டிப் பதிப்பகமே தொடங்கிவிட்டார்.

சாலி மார்ட்டினைப் பற்றி யாராவது கேள்வி அனுப்புங்கள். முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.