தேறிவரும் கோல்ஃப் ஆட்டக்காரர் பழைய அயர்ன் செட் வாங்கலாமா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கோல்ஃப் விளையாடுகிறேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனின் அளவு; குறையக் குறைய நல்லது) 28-இலிருந்து 19-க்கு இறங்கியிருக்கிறது. தொடக்கத்தில் பையோடு சேர்த்து வாங்கிய மலிவான செட்டின் அயர்ன்களைத்தான் (எண்ணிட்ட உலோகத் தலை மட்டைகள்) இன்னும் பயன்படுத்துகிறேன். புதிய அயர்ன் செட் ஒன்றை 24 மாதத் தவணையில் தர ஒரு கடை முன்வந்திருக்கிறது. அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்னிடம் ரொக்கமாக இருக்கிறது. இதற்கிடையில் நண்பர் ஒருவர், தம்முடைய ஃபோர்ஜ்டு பிளேடு (அடித்து உருவாக்கிய, பின்புறம் குடையாத தலை) செட்டை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். ஆட்டம் இன்னும் முன்னேறும் என்பதால், நாளைக்கும் உதவும்படி உயர்ந்த ரகமாக இப்போதே வாங்கிவிட்டால் மறுபடி செலவிருக்காது என்றும் தோன்றுகிறது. எதைச் செய்வது?

பதில்: தவணையும் வேண்டாம், நண்பரின் பிளேடும் வேண்டாம். கையிலிருக்கும் ரொக்கத்துக்குள், இரண்டு தலைமுறை முந்தைய, உங்கள் உடலளவுக்குப் பொருந்துகிற கேவிட்டி பேக் (பின்புறம் குடைந்த தலை) செட் ஒன்றைத் தேடுங்கள். அந்த ரொக்கத்திலும் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அது எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. புதிய செட்டின் விலை 100 என்று கொள்வோம். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, அதுவும் நிலுவை குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில், 24 தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 4.85 கட்ட வேண்டியிருக்கும். முடிவில் நீங்கள் கொடுத்திருக்கும் தொகை 116-ஐத் தாண்டும். கடைக்காரர் வட்டியே இல்லை என்று சொன்னால், மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் குறைக்க ஒப்புக்கொள்ளும் தொகைதான் சொல்லப்படாத வட்டி. இரண்டு ஆண்டு கழித்து அந்தச் செட்டை 45-க்கு விற்க முடிகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதை வைத்து விளையாடியதற்கான செலவு 71 ஆகிறது. மாறாக, 27-க்கு ஒரு பழைய செட்டை வாங்கி, கிரிப் (கைப்பிடி உறை) மாற்றவும் கோணம் திருத்தவும் 6 செலவழித்து, இரண்டு ஆண்டு விளையாடிய பின் 18-க்கு விற்றால், செலவு 15. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; உங்களுக்குக் கிடைக்கும் விலைகளை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், ஆனால் தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் உரிமையாளரே சுமந்துவிடுகிறார் என்பது மாறாது.

எல்லாப் பொருளுக்கும் இந்த வாதம் செல்லாது. பழைய காரில் எஞ்சினும் பழைய கைப்பேசியில் பேட்டரியும் களைத்திருக்கும். அயர்னில் அப்படிக் களைத்துப்போக அதிகம் இல்லை: எஃகுத் தலை, ஷாஃப்ட் (தண்டு), கிரிப் என்று மூன்றே பகுதிகள்; அவற்றில் கிரிப் எப்படியும் மாற்றப்பட வேண்டியது. இருந்தும் விலை வேகமாக விழுவதற்குக் காரணம், நிறுவனங்கள் குறுகிய இடைவெளியில் புதிய வரிசையை இறக்கிக்கொண்டே இருப்பதுதான். பிங் நிறுவனத்தின் ஜி410 அயர்ன் 2019-இல் வந்தது. ஜி425 2021-இல் வந்தது. அதன் பிறகு ஜி430, ஜி440 என்று வரிசை நீண்டுவிட்டது. மிசுனோவின் ஜேபிஎக்ஸ் 919 2018-இலும், 921 2020-இலும், 923 2022-இலும், 925 2024-இலும் வெளிவந்தன. புதியது வரும் ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தையது ஒரு படி இறங்க, அதற்கும் முந்தையது உங்கள் பட்ஜெட்டுக்குள் வந்து விழுகிறது. புதிய வரிசை வெளியான அடுத்த சில வாரங்களில், மாற்றிக்கொள்கிறவர்களின் பழைய செட்கள் சந்தையில் குவியும். வாங்குவதற்கு ஏற்ற காலம் அதுவே.

அடுத்து, நாளைக்கு உதவும்படி வாங்கலாமா என்ற உங்கள் எண்ணம். வளரும் பிள்ளைக்கு ஒரு சுற்றுப் பெரிதாகச் சட்டை தைப்பது நம் வீடுகளில் புத்திசாலித்தனம்தான். சட்டை தொளதொளவென்று இருந்தாலும் பிள்ளை பள்ளிக்குப் போய் வந்துவிடும். பொருந்தாத அயர்னோ ஒவ்வொரு அடியிலும் பழி வாங்கும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உங்கள் நிலையில் இருந்தபோது, ஏறக்குறைய 130 கிராம் எடையுள்ள ‘ஸ்டிஃப்’ (எளிதில் வளையாத) எஃகு ஷாஃப்ட் பூட்டிய அழகான பிளேடு செட் ஒன்றை, அடிமாட்டு விலைக்குக் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் வாங்கினேன். ஒன்பது குழி தாண்டுவதற்குள் கை சோரும். பந்து தாழ்வாகவே பறந்து வலப்பக்கம் ஒதுங்கும். அதைச் சரிசெய்ய நான் பழகிக்கொண்ட கோணலான வீச்சை மறக்க ஒரு பயிற்சியாளருக்குத் தனியே பணம் கொடுக்க நேர்ந்தது. ஏழு மாதத்தில் விற்றபோது வாங்கிய விலையில் பாதிதான் திரும்பியது. மலிவான செட்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆனது என்று வகுத்துப் பார்த்தால், நான் இதுவரை வாங்கியவற்றிலேயே மிக விலையுயர்ந்த செட் அதுதான்.

உங்கள் நண்பரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் பிளேடில் எடை தலையின் நடுப்பகுதியில் திரண்டிருக்கும். நடுவில் பட்டால் அமிர்தம், சற்று விலகிப் பட்டால் தூரமும் போய்விடும், திசையும் போய்விடும். 19 ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் அடிகள் முகப்பின் ஒரே புள்ளியில் விழுவதில்லை. பின்புறத்தைக் குடைந்து, எடுத்த எடையை விளிம்புகளுக்கு ஒதுக்கும் கேவிட்டி பேக் அமைப்பு இப்படி விலகிப்படும் அடிகளுக்காகவே உருவானது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் இந்த அமைப்பைப் பரவலாக்கியவர். அந்நிறுவனத்தின் ஐ 2 அயர்ன் 1982-இல் வந்தது, இன்னமும் சிலருடைய பையில் அதைப் பார்க்க முடிகிறது. நண்பரிடம் மறுப்புச் சொல்லச் சங்கடமாக இருந்தால், அந்தச் செட்டின் 7-ஆம் எண் அயர்னை மட்டும் இரவல் வாங்கி நூறு பந்து அடித்துப் பாருங்கள். மறுப்பதற்கான காரணத்தை உங்கள் உள்ளங்கையே சொல்லிவிடும்.

இனி, பணம் மிச்சமாகும் இடத்துக்கு வருகிறேன். பழைய மட்டைச் சந்தை நிறுவனத்தின் பெயருக்கும் ஆண்டுக்கும் பளபளப்புக்கும்தான் விலை வைக்கிறது. அந்தச் செட் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதற்கு அங்கே விலையே இல்லை, ஏனென்றால் விற்பவருக்கு உங்கள் உயரமும் வீச்சின் வேகமும் தெரியாது. ஆகவே, வாங்குவதற்கு முன்னரே கட்டணம் கொடுத்து ஒரு ஃபிட்டிங் (உடலுக்கும் வீச்சுக்கும் ஏற்ற மட்டை அளவெடுப்பு) செய்துகொண்டு, உங்களுக்குத் தேவையான நீளம், லை கோணம் (தலை தரையில் படியும்போது தண்டு தரையோடு சேரும் கோணம்), ஷாஃப்ட்டின் எடை, வளைமை ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லை கோணம் வழக்கமான அளவிலிருந்து சற்று விலகியிருந்தால் அது உங்களுக்கு நல்லதாகவே முடியக்கூடும். வழக்கத்துக்கு மாறான அளவில் செய்த செட்டை வாங்க ஆள் குறைவு. அது நெடுநாள் விற்காமல் கிடந்து விலை இறங்கும். பிங் அயர்ன்களில் லை கோணத்தைத் தலையிலுள்ள நிறப்புள்ளி காட்டும். கறுப்பு என்றால் வழக்கமான அளவு. ஹோசலிலுள்ள (தண்டு செருகும் தலையின் கழுத்து) வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்தச் செட் முதலில் எந்த அளவில் செய்யப்பட்டது என்பதை அந்நிறுவனமே சொல்லும். ஷாஃப்ட்டில் அச்சிட்டிருக்கும் ‘ரெகுலர்’, ‘ஸ்டிஃப்’ என்ற சொற்களை மட்டும் நம்பிவிட வேண்டாம். அவற்றுக்குத் தொழில் முழுமைக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்பை நெருங்கி நிற்கும்.

ஃபிட்டிங்குக்கு வழியில்லை என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. பந்தில் மார்க்கர் பேனாவால் தடித்த நேர்கோடு ஒன்று போட்டு, கோடு மட்டையின் முகப்பைப் பார்த்து நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். மை முகப்பில் ஒட்டும். அந்தக் கோடு முகப்பிலுள்ள வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக விழுந்திருந்தால் லை கோணம் பொருந்துகிறது. சாய்ந்து விழுந்திருந்தால் பொருந்தவில்லை. ஒரே அடியை வைத்து முடிவு செய்யாமல் பத்துப் பதினைந்து முறை அடித்துப் பாருங்கள். சாய்வு சிறிதென்றால், பணிமனையில் கோணத்தை வளைத்துத் திருத்தலாம். மென்மையான ஃபோர்ஜ்டு தலைகள் இதற்கு எளிதில் இணங்கும்; கடினமான வார்ப்பு எஃகுத் தலைகள் சில இணங்கமாட்டா. பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம் இது.

செட்டின் விலைச்சீட்டில் தெரியாத செலவு ஒன்று லாஃப்ட்டில், அதாவது முகப்பு பின்னோக்கிச் சாயும் கோணத்தில், ஒளிந்திருக்கிறது. மட்டையின் எண்ணும் இந்தக் கோணமும் குறையக் குறைய தூரம் கூடும். இந்த 7-ஆம் எண் மற்றவர்களின் 6-ஐ விடத் தூரம் போகும் என்று விற்பவர் பெருமைப்படுவார். போகும்தான், ஏனென்றால் அது ஏறக்குறைய 6-ஆம் எண்ணேதான். முன்பு 34, 35 டிகிரியில் இருந்த 7-ஆம் எண் இன்று பல செட்களில் 30 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ இருக்கிறது. அதற்கேற்ப 48 டிகிரியில் இருந்த பிட்ச்சிங் வெட்ஜும் (9-க்கு அடுத்த குறுந்தூர மட்டை) 44-ஐ ஒட்டி வந்துவிட்டது. உங்கள் பையிலுள்ள சேண்ட் வெட்ஜ் (மணற்குழி மட்டை) 56 டிகிரி என்றால் இடையில் 12 டிகிரி பள்ளம். அதை நிரப்ப 50 டிகிரியில் இன்னொரு வெட்ஜ் வாங்கியாக வேண்டும். எனவே செட்டுக்கு விலை பேசும்போதே, அதே வரிசையின் கேப் வெட்ஜ் (அந்தப் பள்ளத்தை நிரப்பும் மட்டை) சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். பின்னால் அதைத் தனியாகத் தேடிப்பிடிப்பது கடினம், விலையும் கூடும். மறுபுறம், 4-ஆம் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் நிலையில் அந்த இடத்துக்கு ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்த மட்டை) நன்றாக உதவும். பைக்கு 14 மட்டைதான் வரம்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது 7-ஆம் எண்ணை மட்டும் எடுத்து ரசித்துவிட்டு வந்துவிடாதீர்கள். 9-ஆம் எண்ணையும் பிட்ச்சிங் வெட்ஜையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வரிப்பள்ளங்களின் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் ஒவ்வொரு வரியிலும் சிக்கி நிற்க வேண்டும். நடுவில் வழுக்கிப் போய் விளிம்பில் மட்டும் சிக்கினால், அந்த மட்டை பயிற்சித் திடலில் தன் ஆயுளைக் கழித்துவிட்டது என்று பொருள். எஃகு ஷாஃப்ட்டை மேசை விளிம்பில் உருட்டினால் வளைவு தெரியும். தலைக்குச் சற்று மேலே துரு புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். கிராஃபைட் என்றால் அதே இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தலையைக் காதருகே வைத்துக் குலுக்கும்போது உள்ளே ஏதேனும் கடகடத்தால் விலையில் அதைச் சொல்லிக் குறைக்கலாம். கடைசியாக எல்லா மட்டைகளையும் சுவரோரம் வரிசையாக நிறுத்துங்கள்: நீளம் ஏறக்குறைய அரை அங்குலம் அரை அங்குலமாகப் படிக்கட்டுப்போல் இறங்க வேண்டும். ஓரிடத்தில் படி வெகுவாகப் பிசகினால் அந்த மட்டையின் ஷாஃப்ட் மாற்றப்பட்டிருக்கக்கூடும். 7-ஆம் எண் தேய்ந்தும் 4-ஆம் எண் புதிதுபோலவும் இருப்பது குறையல்ல. நேர்மையாக விளையாடிய செட் அப்படித்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் உறை பிரியாத அண்மைய மாடல் பாதி விலைக்கு வருகிறதென்றால், அது போலி என்று கருதி நகர்ந்துவிடுங்கள். மிகப் பழைய செட்டை நாடுவோருக்கு ஒரு விதியும் தெரிந்திருக்க வேண்டும்: 2010 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்படும் மட்டைகளின் வரிப்பள்ளங்களுக்கு கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏயும் புதிய அளவு விதித்தன. உயர்மட்டப் போட்டிகள் சிலவற்றில் அந்த அளவுக்கு உட்படாத முந்தைய அயர்ன்களுக்கு இடமில்லை. கிளப் அளவில் விளையாடுவோரை இது பெரும்பாலும் தொடாது.

ஒதுக்கி வைக்கச் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு, புதிய கிரிப்புகளுக்கும் கோணத் திருத்தத்துக்கும் உரியது. ரப்பர் இறுகிப் பளபளத்துப்போன கிரிப்போடு விளையாடினால் கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கும்; அது வீச்சையே கெடுக்கும். செட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு இதில் சிக்கனம் பார்ப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதைதான்.

உங்களிடம் இப்போதிருக்கும் செட்டை மாற்றாகக் கொடுத்தால் இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்று கடையில் சொல்வார்கள். அங்கே இரண்டு பேரங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் இறுதி விலை என்ன, பழையதை மட்டும் விற்றால் என்ன தருவீர்கள் என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மலிவான தொடக்கச் செட்டுக்குப் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். சொல்லும் தொகை அற்பமாக இருந்தால் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, மழையிலும் கல் நிறைந்த பயிற்சித் திடலிலும் அதையே அடியுங்கள். புதிதாக வாங்கும் செட்டின் வரிப்பள்ளங்கள் அவ்வளவுக்குத் தேயாமல் இருக்கும். நான் மேலே 18 என்று போட்ட மறுவிற்பனை விலையும் அதைப் பொறுத்ததுதான்.