பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் எப்போது புகார் கொடுப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் டியூஷனுக்குப் போய், இரவு பத்து மணிவரை வீடு திரும்பவில்லை. 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸார் புகாரை வாங்குவார்கள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பிறகு அவனே வந்துவிட்டான். அவர்கள் சொன்னது சரிதானா? அமெரிக்காவில் இருப்பதுபோல, சிறுவர்கள் இரவில் வெளியே நடமாட இங்கும் தடை உண்டா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் காணவில்லை என்று புகார் வந்தால், உடனே முதல் தகவல் அறிக்கை பதிந்து, கடத்தலாக இருக்கலாம் என்ற கோணத்திலேயே விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசர உதவி எண் 112, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றையும் அழைக்கலாம்.

நம் பக்கத்தில் தாமதம் கூடுதல் ஆபத்து. காட்பாடியில் ரயில் ஏறும் பிள்ளை சில மணி நேரத்தில் சென்னையையோ பெங்களூரையோ அடைந்துவிட முடியும் என்பதால், ரயில்வே உதவி எண் 139-க்கும் உடனே சொல்லிவிடுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம், அன்று உடுத்தியிருந்த சட்டையின் நிறம், நண்பர்களின் எண்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். அவன் விட்டுச்சென்ற செல்போனில் எதையும் அழிக்காதீர்கள். பதற்றத்தில் பலரும் செய்வது அதைத்தான்.

இரவுத் தடை என்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும் உள்ளாட்சி விதி. இங்கே சிறுவர்களுக்கென்று அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. நேரம் குறிக்க வேண்டியது பெற்றோர்தான். புகார் கொடுத்தபின் பிள்ளை தானாகத் திரும்பினாலும், அதைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.