பசையை எடுப்பதற்கு முன்

கேள்வி: அன்புள்ள அக்கா, தஞ்சாவூர் ஓவியம் முறையாகக் கற்றுக்கொண்டு இதுவரை 15 படங்கள் முடித்திருக்கிறேன். இரண்டு வருடமாக மனம் கொலாஜ் (காகிதம், துணித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்), மிக்ஸட் மீடியா (அதோடு பெயின்ட், நூல் என்று பலதும் கலப்பது) பக்கம் போய்விட்டது. பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, புடவைத் துண்டு, லேஸ் என்று ஆறு பெட்டி சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் தூங்கியதும் ஒன்பதரைக்கு உட்காருவேன். பெட்டியைக் கிளறுவதிலேயே பாதி நேரம் போய்விடும். பெயின்ட் எடுப்பேன், அதை விட்டு நூலை எடுப்பேன், மாதிரி பார்க்கலாமே என்று போனை எடுத்தால் மணி பதினொன்றரை ஆகியிருக்கும். பாதியில் நிற்கும் அட்டைகள் மட்டும் 14. கவனம் குவியவே மாட்டேன் என்கிறது. தியானம் ஏதாவது பழக வேண்டுமா? ஒட்டுவதற்கு ஃபெவிகால் நல்லதா, மைதா பசையா?
- பெயர் வேண்டாமே, கும்பகோணம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

15 தஞ்சாவூர் படங்கள் முடித்தவர் நீங்கள். ஒரு படத்துக்குக் கல் பதிக்கவே எத்தனை நாள் குனிந்து உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையும் கண்ணும் உள்ள ஒருவருக்குக் கவனம் வராது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தியானம் பழகுங்கள், உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. இந்தச் சிக்கலுக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

தஞ்சாவூர் படம் எப்படி வளர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பலகையில் துணி ஒட்டுகிறீர்கள். சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பூசி, வழவழவென்று தேய்க்கிறீர்கள். அப்புறம் கோட்டோவியம், கல், மேடு எழுப்பும் வேலை, தங்க ரேக்கு. வண்ணம் அதற்குப் பிறகுதான். இன்றைக்கு உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. உங்களுக்கு முன் எத்தனையோ தலைமுறைக் கைகள் அதைத் தீர்மானித்து வைத்துவிட்டன. கொலாஜில் அப்படி யாரும் வரிசை போட்டுத் தரவில்லை. அதனால் தேடுவது, தேர்ந்தெடுப்பது, ஒட்டுவது மூன்றையும் ஒரே ராத்திரியில், அதுவும் நாள் முழுக்க உழைத்த களைப்போடு, நீங்கள் சேர்த்துச் செய்கிறீர்கள். தேடும்போது கண் அலையத்தான் வேண்டும். ஒட்டும்போது அலையக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்தக் கண்தான் தாங்கும்? உங்கள் வரிசையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் வேண்டும்.

மேரி டெலானி என்ற இங்கிலாந்துப் பெண்மணியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை. 1700-இல் பிறந்தவர். கணவர் இறந்து சில வருடங்கள் கழித்து, தோழியின் வீட்டில் தங்கியிருந்தபோது, மேசையில் கிடந்த ஒரு சிவப்புக் காகிதத்தின் நிறமும் பக்கத்திலிருந்த ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தாராம். காகிதத்தை இதழ் வடிவில் வெட்டினார். அப்போது அவருக்கு வயது 72. அன்றிலிருந்து பத்து வருடம், பார்வை மங்கி 1782-இல் நிறுத்தும்வரை, பூக்கள்தான். பூவையும் செடியையும் தவிர வேறு எதையும் அந்த வரிசையில் அவர் வெட்டவில்லை. பின்னணி எப்போதும் கறுப்பு வண்ணம் பூசிய தாள். ஒரு பூவுக்கே சில சமயம் நூற்றுக்கணக்கான துணுக்குகள், சிலவற்றில் நிஜ இலையையே ஒட்டியிருக்கிறார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவருடைய 985 பூக்கள் இருக்கின்றன. கணக்குப் போட்டால் நாலு நாளைக்கு ஒன்றுக்கும் மேலே வருகிறது.

பின்னணி என்ன நிறம் என்று அந்த அம்மா ஒவ்வொரு நாளும் யோசித்திருந்தால் 985 வந்திருக்காது. கறுப்பு என்று ஒரே தடவை முடிவு செய்தார். மிச்சமிருந்த பார்வை முழுவதையும் இதழின் ஓரத்துக்குக் கொடுத்தார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நெகிழும்.

சரி, உங்கள் ஆறு பெட்டிகளுக்கு வருவோம். ஞாயிறு மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அது தேடும் நேரம். கத்தரிக்கோல் இருக்கலாம், பசை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பிள்ளைகளும் கூட உட்காரட்டும், கிழிக்கட்டும். எழும்போது ஏழே ஏழு துண்டுகளை ஒரு தபால் கவரில் போடுங்கள். அதில் ஒன்றாவது நீங்கள் நிஜமாகவே நேசிக்கும் துண்டாக இருக்க வேண்டும். மற்ற ஆறும் அதற்குத் துணை. பெயின்ட் வேண்டுமா, நூல் வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்து, கவரின் மேல் எழுதிவிடுங்கள்: ‘நீலம், வெள்ளை. நூல் கிடையாது.’ வாரநாள் ராத்திரியில் திறப்பது அந்தக் கவரை மட்டும். பெட்டிகள் பரணில் இருக்கட்டும்.

நேசிக்கும் துண்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. யாரோ அவசரத்தில் தடவியதால் ஒரு மூலையில் மட்டும் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அது அத்தையின் விரலாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். மூன்று வருடம் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான பெரிய படம் ஒன்று தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. ஒருநாள் வேறெதுவும் யோசிக்காமல் அந்த மூலையை வெட்டி வெறும் பழுப்பு அட்டையின் நடுவில் வைத்தேன். அந்த விரல் அளவுக்கு இன்னொரு துண்டு, அதன் நிழல் போல ஒரு கறுப்புத் துணி. அரைமணி நேரத்தில் படம் முடிந்துவிட்டது. அப்புறம் தெரியாத்தனமாக அதை ஜன்னல் எதிரில் மாட்டினேன். மஞ்சளின் நிறம் வெயிலைத் தாங்காது. ஒரு வருடத்துக்குள் ரேகை மறைந்துபோனது. உங்களிடம் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் இருந்தால் வெளிச்சம் நேராக விழாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். செய்தித்தாளும் அப்படித்தான், சீக்கிரம் பழுத்துவிடும்.

கவரைத் திறந்த முதல் ராத்திரி ஒட்டவே வேண்டாம். அடுக்குங்கள், நகர்த்துங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியிலும் படுக்கையிலுமாக இருந்துகொண்டு வண்ணத்தாள்களை வெட்டினார். உதவியாளர்கள் அந்தத் துண்டுகளைச் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள், அவர் பார்த்துப் பார்த்து இடம் மாற்றச் சொல்வார். ஒட்டுவதெல்லாம் பிறகு. பல துண்டுகளில் அந்த ஊசித் துளைகள் இன்றைக்கும் தெரிகின்றன. உங்களுக்கும் ஒரு தெர்மோகோல் பலகையும் ஒரு டப்பா குண்டூசியும் போதும். மனசுக்குப் பிடித்த அடுக்கை போனில் ஒரு படம் எடுங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், இருட்டும் வெளிச்சமும் எங்கே கனக்கின்றன என்று சட்டென்று தெரியும். பார்த்ததும் போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள். மாதிரி பார்க்கிற வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு.

மறுநாள் ராத்திரி ஒட்டுங்கள். முந்தின நாள் ஆசையாக இருந்த ஒரு துண்டு அன்றைக்குத் தேவையில்லை என்று தோன்றும். எடுத்துவிடுங்கள். ஏழையும் ஒட்டியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்த 14 அட்டைகள்தான் உங்களை அதிகம் உறுத்துகின்றன என்று நினைக்கிறேன். அவற்றை முடிக்க வேண்டாம். நியூயார்க் ஓவியர் லீ கிராஸ்னர் 1950-களின் தொடக்கத்தில், அறை முழுக்க மாட்டியிருந்த தன் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களைப் பிடிக்காமல் கிழித்துத் தரையில் போட்டுவிட்டார். சில வாரங்கள் கழித்துக் கதவைத் திறந்தபோது, தரையில் கிடந்த கிழிசல்களே அவரைப் பிடித்து இழுத்தன. அவற்றை ஒட்டிச் செய்த கொலாஜ்களை 1955-இல் கண்காட்சியாக வைத்தார். உங்கள் 14-இல் மனசுக்கு ஒட்டாத ஒன்றை இந்த ஞாயிறு நாலாக வெட்டுங்கள். முதல் வெட்டு கஷ்டமாகத்தான் இருக்கும். வெட்டிய துண்டில் நல்ல இடம் ஒன்று நிச்சயம் இருக்கும், அது கவருக்குள் போகட்டும்.

கடைசியாகப் பசை. ஒட்டிய பிறகு மேலே ஈர வண்ணம் பூசப்போகிறீர்கள் என்றால் ஃபெவிகால். துளி தண்ணீர் விட்டு, தட்டைத் தூரிகையால் மெல்லிசாகத் தடவுங்கள். அதிகம் தடவினால் மெல்லிய தாள் ஊறிச் சுருங்கும். மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ராத்திரி முழுக்க ஏற்றி வையுங்கள். பூச்சு எதுவும் வேண்டாத படத்துக்கு மைதா பசை எனக்குப் பிரியமானது. நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும், தப்பாக ஒட்டினாலும் ஈரத்துணி வைத்துப் பிரித்துவிடலாம். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால் போடாதீர்கள். தேவையான அளவு மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.