ஹைப்போஜியம் டிக்கெட் இணையத்தில் தீர்ந்துவிட்டால்

இணையத்தில் தீர்ந்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மால்ட்டாவின் பாவ்லா ஊரில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய நிலத்தடிக் கல்லறையான ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியத்துக்கு மறுநாள் செல்ல, சில டிக்கெட்டுகளைத் தலைநகர் வலெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டையில் நேரில் விற்பார்கள். விலை கூடுதல். கோட்டை திறக்குமுன் போய் வரிசையில் நில்லுங்கள். மால்ட்டாவில் இறங்கிய மறுநாள் காலையே போவது நல்லது. மூன்று நாள் பயணமென்றால், அன்று கிடைக்காவிட்டாலும் இன்னொரு முயற்சி மிஞ்சும்.

தீர்ந்துபோகக் காரணம், ஒரு சுற்றுக்குப் பத்துப் பேர்தான். நிலத்தடிப் பாறையைக் குடைந்த அறைகள் அவை. மூச்சுக்காற்றும் ஈரப்பதமும் கூடினால் கூரையில் செங்காவியில் வரைந்த சுருள்கள் அழிந்துவிடும். அதனால் இந்தக் கட்டுப்பாடு மிக நியாயம்.

புறப்படுமுன் இந்த இடத்தை நிர்வகிக்கும் ஹெரிடேஜ் மால்ட்டா அமைப்பின் இணையதளத்தைத் திறந்து, நேரடி விற்பனை இடமும் நேரமும் மாறவில்லையே என்று பார்த்துவிடுங்கள். யாராவது ரத்து செய்திருந்தால் அங்கேயே இடம் காலியாகத் தெரியலாம்.

ஒன்று மட்டும்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். படமும் எடுக்க முடியாது.

கிடைக்கவே இல்லையா? சரி, அதே பாவ்லா பக்கம் நடந்துபோகும் தூரத்தில் தர்ஷீன் என்ற வரலாற்றுக்கு முந்தைய கற்கோயில்கள். அங்கே ஒரு பிரம்மாண்டச் சிலையின் கீழ்ப்பாதியைப் பார்ப்பீர்கள்: மடிப்புப் பாவாடை, பருத்த கெண்டைக்கால், குட்டிப் பாதங்கள். அது நகல், அசல் வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில். ஹைப்போஜியத்தில் கிடைத்த, ஒருக்களித்துத் தூங்கும் பெண்ணின் சின்னஞ்சிறு சுடுமண் உருவமும் அங்கேதான். அதை விட்டுவிடாதீர்கள்.