"சங்கத்துல பொண்ணுக்கு என்ன வேலை?" – ராணிப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

மகளுக்கு வந்திருக்கும் வேலையைப் பற்றிப் பேச சனிக்கிழமை அவளோடு வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "குன்னூர்ல ஏதோ டீ சங்கமாம் சார். பி.காம். படிச்ச பொண்ணு அங்க போய் கொடி புடிக்கணுமா?" வாங்கி வைத்த டீ உங்கள் முன்னால் ஏடு கட்டிப் போயிற்று, நீங்கள் கவனிக்கவே இல்லை. அவ்வளவு கவலை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

இது தொழிலாளர் சங்கம் அல்ல. தொழில் நடத்துகிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு. டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கும் உங்களுக்கு இது புதிதில்லை. டேனரிக் கழிவால் பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன காலம் நினைவிருக்கும். சின்ன டேனரிக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஏது வழி? பலர் பங்கு போட்டுத்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். ஒருவரால் முடியாததை ஊர் கூடிச் செய்வது. தேயிலையிலும் அதே கதைதான்.

கொல்கத்தாவில் இந்தியத் தேயிலைச் சங்கம் 1881-லேயே வந்துவிட்டது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளுக்கு 1893-ல் தொடங்கிய சங்கம் 'உபாசி' (UPASI), தலைமையிடம் குன்னூர். வால்பாறையில் அவர்களுடைய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'உபாசி-9' என்ற வறட்சி தாங்கும் தேயிலை ரகம் அப்படிக் கிடைத்ததுதான். கூலி ஒப்பந்தப் பேச்சில் முதலாளிகள் தரப்பில் உட்காருவது, வரி, ஏற்றுமதிச் சிக்கல்களை அரசிடம் கொண்டுபோவது எல்லாம் இப்படிப்பட்ட சங்கங்களின் வேலை. தேயிலை வாரியம் வேறு. அது 1953-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய அரசு அமைப்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அரசு வேலை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

மகளுக்கு வேலை வந்திருப்பது சங்கத்தின் ஏலப் பிரிவில். எனக்கு அதில்தான் சந்தோஷம். குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு லாட், அதாவது சேர்த்து விற்கும் ஒரு சரக்குத் தொகுதி: எந்தத் தொழிற்சாலைச் சரக்கு, இலைத்தூளா டஸ்ட் என்கிற பொடித்தூளா, என்ன கிரேடு, எத்தனை மூட்டை. புரோக்கர்கள் சாம்பிளைச் சுவைத்து மதிப்புப் போடுவார்கள், பிறகு கணினியில் ஏலம் நடக்கும். பணம் கட்டும் கெடுவுக்கும் சரக்கு எடுப்பதற்கும் விதி உண்டு, தகராறு வந்தால் சங்கம் பேசித் தீர்க்கும். அங்கே கிடைக்கும் சராசரி விலையை வைத்துத்தான் நீலகிரியின் சிறு விவசாயிக்குப் பச்சைத் தேயிலை விலையை மாதாமாதம் வாரியம் அறிவிக்கிறது. அந்தப் பட்டியலைத் தப்பில்லாமல் கையாளப் பழகிய பிள்ளைக்கு விற்பவர், வாங்குபவர், புரோக்கர், கிடங்கு என்று நாலு பக்கமும் தெரிந்துவிடும். ஒரே எஸ்டேட்டில் கணக்கு எழுதினால் இது வாய்க்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சங்கம் சின்ன அலுவலகம், பதவி உயர்வுக்கு நிறைய படிகள் இருக்காது. உறுப்பினர் சந்தாவை நம்பி ஓடுவது. தேயிலை விலை விழுந்தால் அங்கேயும் கை இறுக்கம்தான். ஆகவே இரண்டு வருடம் என்று மனதில் வைத்துப் போகட்டும். பிறகு ஏற்றுமதி நிறுவனமோ, புரோக்கர் அலுவலகமோ, பெங்களூரில் 1993-ல் தொடங்கிய இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனத்தில் மேற்படிப்போ பார்க்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: பயிற்சிக் காலம் எத்தனை மாதம், பி.எஃப். உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு. வாயால் சொன்னது போதாது, ஆர்டரில் இருக்க வேண்டும். ஆர்டர் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள், சேர்ந்து படிப்போம்.

முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம், அங்கிருந்து மலைக்குப் பஸ். பிள்ளைக்கு ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள்.